கடல் தேங்காய் ஓட்டில் இறைமொழி: பாரசீகக் கஷ்கூலும் தமிழ்த் திருவோடும்

முன்னுரை

ஈரானில் தர்வேஷ்கள் எனப்பட்ட சூஃபித் துறவியர் ஏந்திய இரப்போர் கலத்திற்குக் கஷ்கூல் என்று பெயர். மண், மரம், செம்பு, பித்தளை, எஃகு எனப் பல பொருள்களால் அது செய்யப்பட்டிருப்பினும், கலை வரலாற்றில் தனியிடம் பெற்றது கடல் தேங்காயின் ஓட்டில் செதுக்கப்பட்ட கஷ்கூலே ஆகும். கருமையும் பளபளப்பும் கொண்ட ஓட்டின் புறத்தே இறைவசனங்களும் வாழ்த்துகளும் கொடிப்பின்னல்களும் புடைப்பாகச் செதுக்கப்பட்ட இக்கலங்களுள் பெரும்பாலானவை 18, 19ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. இலண்டன், நியூயார்க் முதலிய நகரங்களின் அருங்காட்சியகங்களில் அவை இஸ்லாமியக் கலைப் பிரிவில் இடம்பெற்றுள்ளன.

அதே ஓடு தமிழகத்தில் திருவோடு என்னும் பெயரில் சைவத் துறவியரின் கையிலும் இருந்து வந்துள்ளது. அதே காயின் பருப்பு நாட்டு மருந்துக் கடைகளில் கடல் தேங்காய் என்னும் பெயரில் விற்கப்படுகிறது. ஆயினும் கஷ்கூல் ஒரு துறையிலும், திருவோடு வேறொரு துறையிலும், கடல் தேங்காய் மூன்றாவதொரு துறையிலும் பதியப்படுவதால், மூன்றும் ஒரே மரத்தின் கொடை என்பது நூலக அடுக்குகளில் மறைந்துவிடுகிறது. இந்த ஓடு எங்கிருந்து வந்தது, அதில் எவை எவ்வாறு செதுக்கப்பட்டன, அச்செதுக்கலுக்குப் பொருள் யாது, தமிழருக்கு இதனோடு உள்ள உறவு எத்தகையது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓட்டின் தாயகம்

கடல் தேங்காய் கடலில் விளைவதன்று. லொடாய்சியா மால்டிவிகா எனத் தாவரவியலார் பெயரிட்டுள்ள பனைக்குடும்ப மரம் ஒன்றன் வித்து அது. இம்மரம் உலகில் இயற்கையாக வளரும் இடம் இந்தியப் பெருங்கடலில் உள்ள சீஷெல்ஸ் நாட்டின் பிராலின், கியூரியஸ் என்னும் இரு தீவுகள் மட்டுமே. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நம் பனையைப் போலவே விசிறி இலை உடையது. பெண் மரம் காய்ப்பதற்கு ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஆகும். காய்த்த காய் முற்றுவதற்கு மேலும் 6 அல்லது 7 ஆண்டுகள் செல்லும். முற்றிய வித்து 25 கிலோ வரை எடை கொள்ளக்கூடும். தாவர உலகில் இதனினும் பெரிய வித்து இல்லை.

இவ்வித்தின் ஓர் இயல்பு இக்கட்டுரைக்கு மிக இன்றியமையாதது. உயிருள்ள புதிய வித்து கடலில் விழுந்தால் மூழ்கிவிடும். உள்ளிருக்கும் பருப்பு அழுகி நீங்கி, ஓடு வெறுமையான பின்னரே அது மிதக்கும். எனவே அலைகளால் தொலைவிடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்ட ஓடுகள் எதுவும் கரையில் முளைத்ததில்லை. மாலைத்தீவுகளின் கரையிலும் இந்தியாவின் கரையிலும் ஒதுங்கிய ஓடுகளைக் கண்ட மக்கள், அக்காய்க்குரிய மரத்தைத் தம் நிலத்தில் எங்கும் காணவில்லை. மரம் இல்லாத காய் எங்கிருந்து வந்தது என்னும் வினாவுக்குக் கடலையே விடையாக்கினர். தமிழில் கடல் தேங்காய் என்றும், இந்தியில் தரியாய் நாரியல் என்றும் வழங்கும் பெயர்கள் இந்த விடையின் எச்சங்களே. மலாய் மரபிலும் பாவு ஜங்கி என்னும் மரம் கடல் நடுவே பெருஞ்சுழியில் வளர்வதாகக் கூறப்பட்டது. அம்போன் தீவில் வாழ்ந்து 1702இல் மறைந்த இயற்கையியலாளர் ரம்ஃபியஸ்கூட இது கடலடி மரத்தின் கனி என்றே கருதினார்.

மாலைத்தீவுகளில் இவ்வோடு மன்னனின் உடைமை. 1602இல் அங்குக் கப்பல் உடைந்து சில ஆண்டுகள் தங்க நேர்ந்த பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார், கரையொதுங்கும் காயைக் கண்டெடுப்போர் அரசனிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதையும், மறைத்தோர் கடுந்தண்டனைக்கு உள்ளாயினர் என்பதையும் பதிவு செய்துள்ளார். கோவாவில் 1563இல் வெளிவந்த கார்சியா த ஓர்த்தாவின் மருத்துவ நூல் மாலைத்தீவுக் காயை நஞ்சு முறிக்கும் பொருளாகப் பேசுகிறது. இந்த நம்பிக்கையால் ஐரோப்பிய அரசவைகளிலும் இதற்குப் பெருவிலை கிடைத்தது. பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் ஓர் ஓட்டை 4,000 ஃபுளோரின் கொடுத்து வாங்கியதாகக் கூறப்படுகிறது. 1602ஆம் ஆண்டளவில் பிராகாவில் பொற்கொல்லர் அன்டோன் ஷ்வைன்பெர்கர் கடல் தேங்காய் ஓட்டுக்கு வெள்ளி வேலைப்பாடு சேர்த்துச் செய்த கலம் இன்று வியன்னா அருங்காட்சியகத்தில் உள்ளது.

1768இல் மாரியோன் துஃப்ரேன் அனுப்பிய பிரெஞ்சுக் குழுவினர் பிராலின் தீவில் மரத்தை நேரில் கண்டனர். அதன் பின் வணிகர்கள் காய்களைக் கப்பலேற்றி இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். நூற்றாண்டுக் கணக்கில் மன்னருக்கு மட்டுமே உரியதாயிருந்த பொருள் விலை வீழ்ந்து, பலருக்கும் எட்டுவதாயிற்று. இந்தியத் துறைகளிலிருந்து பாரசீக வளைகுடாத் துறைகளுக்கு அது செல்வதற்குப் பழைய கடல் வணிக வழி இருந்தது. கடல் தேங்காய் ஓட்டில் அமைந்த கஷ்கூல்கள் 19ஆம் நூற்றாண்டு ஈரானில் மிகுதியாகக் காணப்படுவதை இப்பின்னணியில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும்.

பெயரும் வடிவும்

கஷ்கூல் என்னும் பாரசீகச் சொல்லை இழுத்தல், தோள் என்னும் பொருளுடைய இரு பகுதிகளாகப் பிரித்து, தோளில் இழுத்துச் செல்லப்படுவது என விளக்குவது அகராதி மரபு. உருது வழக்கில் கச்கோல் எனத் திரிந்து வழங்கும். தோணியைக் குறிக்கும் கிஷ்தி என்னும் சொல்லும் இந்தியப் பக்கீர்களிடையே இக்கலத்துக்குப் பெயராயிற்று.

தோணி என்னும் பெயர் வடிவத்தால் வந்தது. கடல் தேங்காய் இரட்டை மடலுடையது. பிளந்தால் ஒவ்வொரு பாதியும் நடுவில் அகன்று இருமுனையிலும் குவிந்த ஓடமாக அமைகிறது. ஆனால் ஓட வடிவக் கலங்கள் கடல் தேங்காய் கைக்கு வருமுன்னரே ஈரானில் இருந்தன. பழைய ஈரானில் உலோகத்தாலான தோணிவடிவக் கிண்ணங்கள் மதுக்கலங்களாக அரசவை விருந்துகளில் பயன்பட்டன. அவையே காலப்போக்கில் துறவியின் ஐயக்கலமாக மாறின என்பது கலை வரலாற்றறிஞர் மெலிகியன் ஷிர்வானியின் கருத்து. அரசனின் மதுக்கலம் ஆண்டியின் பிச்சைக்கலமாயிற்று என்னும் இம்மாற்றத்தைச் சூஃபிக் கவிதை மரபு அறிந்தோர் வியப்பின்றி ஏற்பர். இறையன்பை மதுவாகவும், குருவை மது வார்ப்போனாகவும், உள்ளத்தைக் கிண்ணமாகவும் பாடுவது அம்மரபின் அடிப்படை உருவகம் அன்றோ! ஆகவே இயற்கை தோணி வடிவில் படைத்தளித்த ஓடு, முன்பே நிலைபெற்றிருந்த ஒரு கருத்துக்கு உடல் தந்தது எனலாம்.

கஷ்கூல் என்னும் சொல் மற்றொரு பொருளும் பெற்றது. இரப்போன் கலத்தில் பல வீட்டுச் சோறும் பலவகைக் கறியும் ஒன்றாகச் சேர்வது போலப் பல துறைச் செய்திகளும் செய்யுள்களும் கதைகளும் ஒருங்கே சேர்ந்த தொகைநூலையும் அச்சொல்லால் குறித்தனர். இஸ்பகானில் வாழ்ந்து 1621இல் மறைந்த பேரறிஞர் பஹாவுத்தீன் ஆமிலி தம் அரபுத் தொகைநூலுக்குக் கஷ்கூல் என்றே பெயரிட்டார். அறிஞன் தன்னைப் பிறரிடம் இரந்து பெற்ற அறிவின் காப்பாளனாக மட்டும் கருதிக்கொண்ட பணிவு இப்பெயரில் விளங்குகிறது.

செதுக்கும் முறை

கடல் தேங்காய் ஓடு சாதாரணக் கொட்டாங்கச்சியினும் தடித்தது, கடினமானது. நார் போக்கித் தேய்த்தால் ஆழ்ந்த பழுப்பும் கருமையும் கலந்த மினுமினுப்புப் பெறும். பிளந்த பாதியின் மேற்புறத்தில் நீள்வட்ட வாய் திறக்கப்படும். பல கலங்களில் ஒரு முனை மூக்கு போல் குடையப்பட்டு, நீர் பருகுவதற்கு உதவுமாறு அமைக்கப்பட்டிருக்கிறது. இரு முனைகளிலும் வளையம் பொருத்தித் தோளிலோ முன்கையிலோ தொங்கவிடச் சங்கிலி கோக்கப்படும்.

அணிவேலை பெரும்பாலும் தாழ்புடைப்பு முறையில் அமையும். எழுத்தும் உருவமும் இருக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, சுற்றியுள்ள பின்னணியைச் சிற்றுளியால் குடைந்து தாழ்த்துவது இம்முறை. அதாவது எழுத்து வெட்டப்படுவதில்லை. எழுத்தல்லாதது வெட்டி நீக்கப்படுகிறது. களிமண்ணைப் போலச் சேர்த்து ஒட்டவோ, உலோகத்தைப் போல உருக்கி மீண்டும் வார்க்கவோ ஓட்டில் இடமில்லை. புள்ளிகளாலேயே பல எழுத்துகள் வேறுபடும் அரபு எழுத்தில் ஒரு புள்ளி சிதைந்தாலும் சொல் மாறும். ஆகவே எழுத்து முழுதும் முன்னரே வரையப்பட்டு, இடம் கணக்கிடப்பட்ட பின்னரே உளி பட வேண்டும்.

மேற்பரப்பின் வளைவு மற்றோர் இடர். தாளில் நேர்கோட்டில் ஓடும் எழுத்து, ஓட்டின் விளிம்பைச் சுற்றி வளைந்து செல்ல வேண்டும். இதற்காக விளிம்பின் கீழுள்ள பட்டை முனைகள் வளைந்த நீள்கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் வசனத்தின் ஒரு பகுதியோ, செய்யுளின் ஓரடியோ அடங்கும். திருக்குர்ஆன் வசனங்களுக்கு நஸ்க், துலுத் போன்ற எழுத்துமுறைகளும், பாரசீகச் செய்யுளுக்குச் சரிந்து தொங்கும் நஸ்தலீக் எழுத்துமுறையும் பொருத்தமாகக் கருதப்பட்டன. அரபும் பாரசீகமும் அறியாதவரும் எழுத்தின் நடையைக் கொண்டே எது இறைவசனம், எது கவிதை என ஓரளவு ஊகிக்க இது துணைசெய்யும்.

எழுதப்பட்டவை

கஷ்கூல்களில் காணப்படும் வாசகங்களை நான்காக வகுக்கலாம். முதலாவது, திருக்குர்ஆன் வசனங்கள். ஆயத்துல் குர்ஸி எனப்படும் 2ஆம் அத்தியாயத்தின் 255ஆம் வசனம் இவற்றுள் குறிப்பிடத்தக்கது. இறைவனின் அரியணை வானையும் மண்ணையும் சூழ்ந்தது என்றும், அவனுக்குச் சிறுதுயிலும் இல்லை என்றும் கூறும் இவ்வசனம், காவல் வேண்டி ஓதப்படுவது. ஊர் ஊராகத் தனித்துத் திரியும் துறவியின் கலத்தில் அது காப்பாக நிற்கிறது. இரண்டாவது, நபிகள் நாயகம், அன்னாரின் குடும்பத்தார், பன்னிரு இமாம்கள் ஆகியோர் மீதான வாழ்த்துகள். ஈரானிய ஷீயா மரபின் அடையாளம் இது. அலீ அவர்கள் மறுமையில் கவுஸர் தடாகத்தின் நீரை வார்த்துத் தருபவர் என்னும் நம்பிக்கையும், கர்பலாவில் ஹுசைன் அவர்களும் உடனிருந்தோரும் நீர்வேட்கையோடு உயிர்நீத்த நினைவும், பருகும் கலத்தில் இவ்வாழ்த்துகளுக்குத் தனிப்பொருள் தருகின்றன. மூன்றாவது, பாரசீகச் செய்யுள்கள். நான்காவது, செதுக்கியவர் பெயர், செய்வித்தவர் பெயர், ஹிஜ்ரி ஆண்டு ஆகிய குறிப்புகள். இவை எல்லாக் கலங்களிலும் இருப்பதில்லை.

எழுத்தோடு உருவங்களும் உண்டு. கொடியும் மலரும் பின்னிய வேலைப்பாட்டுக்கு நடுவே, சடை தாழ்ந்த தர்வேஷ்கள் கஷ்கூலும் கோடரியும் ஏந்தி நிற்கும் காட்சிகளும், வேட்டைக் காட்சிகளும், விலங்குகளும் சில கலங்களில் செதுக்கப்பட்டுள்ளன. இஸ்லாமியக் கலையில் மனித உருவமே இல்லை என்னும் பொதுக்கருத்தை இவை மறுக்கின்றன. பள்ளிவாசலிலும் திருமறைப் படியிலும் உருவம் தவிர்க்கப்பட்டது. அரண்மனைச் சுவரிலும் கதைநூலிலும் உலோகக் கலத்திலும் அது இடம்பெற்றது. கஷ்கூல் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பொருள். ஆகவே இறைவசனத்துக்கு விளிம்புப் பட்டையும், உருவத்துக்கு அதன்கீழ்த் தனிக்கட்டமும் ஒதுக்கி, ஒன்றோடொன்று கலவாமல் செதுக்கியோர் பலர்.

ஏந்தியோர்

கஷ்கூல் தர்வேஷின் தனி உடைமைகளுள் ஒன்று. தபர்ஸீன் எனப்படும் கோடரி, விலங்குத்தோல், தஸ்பீகு மணி, உயர்ந்த குல்லாய், ஊதுகொம்பு ஆகியவை பிற. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெஹ்ரானில் ஒளிப்படக்கூடம் நடத்திய அந்துவான் செவ்ருகின் எடுத்த தர்வேஷ் படங்கள் இத்தோற்றத்துக்குச் சான்றாகின்றன.

இங்கு இந்தியாவுடனான உறவு ஒன்றைக் குறிப்பிடுதல் தகும். கிர்மான் அருகே மாஹான் என்னும் ஊரில் அடங்கியுள்ள ஷா நிஃமத்துல்லாஹ் வலி 1431இல் மறைந்தவர். அவர் வழிவந்தோரைத் தக்காணத்தின் பாமினி சுல்தான் அகமது ஷா வரவேற்றார். மகன் கலீலுல்லாஹ் பீதருக்கு வந்து அங்கேயே அடங்கினார். சௌகண்டி எனப்படும் அவர் கல்லறை இன்றும் உள்ளது. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் தக்காணத்தில் நிலைத்த இத்தரீக்கா, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மஅஸூம் அலீ ஷா என்பார் தக்காணத்திலிருந்து ஈரானுக்கு அனுப்பப்பட்டபோது தாயகத்தில் மீண்டும் தழைத்தது. அவர்தம் சீடர் நூர் அலீ ஷா பிற்காலத்தில் கஷ்கூலோடு கூடிய இளந்துறவியாகப் பல ஓவியங்களில் தீட்டப்பட்டார். தக்காணத்துத் துறவியர் ஈரானுக்குச் சென்ற அதே தலைமுறையில்தான் சீஷெல்ஸ் காய்களும் இந்தியச் சந்தை வழியாக மேற்கே சென்றன. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று கூறுவதற்கில்லை. எனினும் துறவும் ஓடும் ஒரே கடல்வெளியில் ஒரே காலத்தில் இயங்கின என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

கைப்பொருளாகப் பயன்பட்டவை எவை, அழகுப்பொருளாக வாங்கப்பட்டவை எவை என்னும் வினாவும் எழும். செல்வர் தாம் மதித்த துறவிக்குக் காணிக்கையாகச் செய்வித்தவையும், இல்லத்தில் தொங்கவிடுவதற்கென வாங்கியவையும், அயல்நாட்டுப் பயணிகளுக்காகச் செய்யப்பட்டவையும் இவற்றுள் உண்டு. பொருளையே உற்றுநோக்கின் ஓரளவு விடை கிடைக்கும். சங்கிலி வளையம் உராய்ந்து தேய்ந்த துளை, உதடு பட்டு மழுங்கிய மூக்கு, கை படிந்து வழுவழுப்பான அடிப்புறம் ஆகியவை பயன்பாட்டின் சுவடுகள். எழுத்தின் கூர்மை சிறிதும் குறையாத கலம் அலமாரியில் இருந்ததாக இருக்கலாம். பயன்படாமை அதன் பக்திப் பெறுமானத்தைக் குறைத்துவிடாது. ஏந்தப்படாத கஷ்கூலும் வீட்டிலிருப்போருக்கு வறுமையின் மேன்மையை நினைவூட்டியது.

வெறுமையின் பொருள்

சூஃபி மரபில் ஃபக்ர் என்பது பொருளின்மை மட்டுமன்று. தனக்கென எதுவுமில்லை, எல்லாம் இறைவனுடையதே என்னும் உணர்வு அது. அவ்வுணர்வுடையவரே ஃபகீர். தமிழில் பக்கீர், பக்கிரி என வழங்கும் இச்சொல் சமய எல்லையையும் கடந்தது. பக்கிரிசாமி என்னும் பெயர் சோழநாட்டு இந்துக் குடும்பங்களில் இயல்பாக வழங்குவது இதற்குச் சான்று.

கலம் வெறுமையாக இருந்தால்தான் நிறைக்க முடியும் என்பது எல்லாத் துறவு மரபுகளுக்கும் பொதுவான உண்மை. கடல் தேங்காய் ஓடு இவ்வுண்மைக்கு இயற்கையே அளித்த சான்றாக உள்ளது. உள்ளீடு நிறைந்த காய் தன் எடையால் மூழ்கும். உள்ளீடு இழந்த ஓடே கடலைக் கடக்கும். தன்னை இழந்ததே கரை சேர்கிறது. பாரசீகச் செதுக்குநர் இக்காயின் தாவரவியலை அறிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அலைகளில் மிதந்து கரையொதுங்கும் வெறும் ஓடு என்னும் செய்தி இப்பொருளோடு எங்கும் பயணம் செய்தது. தோணி என்னும் பெயரும், கடலைக் கடக்கும் உயிர் என்னும் உருவகமும் அதனோடு பொருந்தின. ஓட்டின் பொருள் செதுக்கப்பட்ட எழுத்தில் மட்டும் இல்லை, ஓட்டிலேயே உள்ளது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திருவோடும் கப்பரையும்

தமிழில் ஓடு என்னும் சொல் தேங்காய், ஆமை, நத்தை முதலியவற்றின் வன்மையான புறத்தையும், உடைந்த மட்கலத் துண்டையும் ஒருங்கே குறிக்கும். உள்ளிருந்தது போனபின் எஞ்சுவது ஓடு. அதனுடன் திரு என்னும் அடை சேர்ந்து, இரப்போர் கலம் திருவோடு ஆயிற்று. மதிப்பற்றதன் பெயருக்கு முன் மிக மதிப்புடைய அடையை வைத்த இச்சொல்லாக்கம், பொன்னையும் ஓட்டையும் ஒன்றாகக் காணும் துறவுநெறியைத் தன்னுள் கொண்டது.

தமிழ் இலக்கியத்தில் இக்கலத்தின் வரலாறு நெடியது. மணிமேகலைக் காப்பியம் இதனைக் கடிஞை என்றும் பாத்திரம் என்றும் கூறும். ஆபுத்திரன் பெற்ற அமுதசுரபி பின்னர் மணிமேகலை கைக்கு வந்து பசிப்பிணி தீர்த்தது. பெரிய புராணத்தில் தில்லைக் குயவர் திருநீலகண்ட நாயனார் அடியார்க்கு ஓடு வனைந்து அளித்தவர். சிவயோகியாக வந்த இறைவன் அடைக்கலமாகத் தந்த ஓடு மறைந்ததே அவர் வரலாற்றின் திருப்பம். இவ்வோடு மண்ணாலானது. பிற்காலத்தில் திருவோட்டு மரம் எனத் தமிழர் பெயரிட்ட மரத்தின் காயோடும் இதற்குப் பயன்பட்டது. அம்மரம் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது ஆதலின், 16ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்ட திருவோடு எதுவும் அதனால் ஆனதாக இருக்க இயலாது. கடல் தேங்காய் ஓட்டாலான திருவோடு இவற்றுள் மிக உறுதியானது, மதிப்பும் மிக்கது.

தமிழ் முஸ்லிம் பக்கீர்கள் ஏந்திய கலத்துக்குக் கப்பரை என்னும் பெயரும் உண்டு. நாகூர் முதலிய தர்காக்களைச் சார்ந்து, தாயிராவைத் தட்டிப் பாடி, வீடுதோறும் சென்ற பக்கீர்கள் தமிழ்நிலத்தின் பழகிய காட்சி. சென்னை மாகாணப் படையில் மருத்துவராயிருந்த ஹெர்க்லோட்ஸ் மொழிபெயர்த்து 1832இல் வெளியிட்ட ஜாஃபர் ஷரீஃபின் கானூனே இஸ்லாம் என்னும் நூல், தென்னிந்தியப் பக்கீர்களின் பிரிவுகளையும் அவர்கள் துறவேற்கும் சடங்குகளையும் விரிவாக விவரிக்கிறது. தொண்டி அருகே குணங்குடியில் 1792இல் பிறந்து சென்னையில் 1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு, இம்மரபின் மெய்யியலைத் தமிழ்ச் செய்யுளாக்கினார். அவரை முஸ்லிம்களோடு சைவரும் போற்றியது, ஓடு ஒன்றானது போல உள்ளமும் ஒன்றான நிலைக்கு எடுத்துக்காட்டு.

தமிழருக்கும் ஓட்டின் தாயகத்துக்கும் உள்ள உறவு இன்னும் நேரடியானது. 1770இல் சீஷெல்ஸின் செயின்ட் ஆன் தீவில் இறங்கிய முதல் குடியேற்றத்தாருள் ஐவர் இந்தியர் என்று பதிவு உள்ளது. பிரெஞ்சு ஆவணங்கள் அவர்களை மலபார்கள் என்று குறிக்கின்றன. தென்னிந்தியரை, குறிப்பாகத் தமிழரை, அக்காலப் பிரெஞ்சுக்காரர் அழைத்த பெயர் அது. இன்று அந்நாட்டு இந்திய வம்சாவளியினருள் தமிழர் குறிப்பிடத்தக்க பகுதியினர். தலைநகர் விக்டோரியாவில் 1992இல் எழுப்பப்பட்ட அருள்மிகு நவசக்தி விநாயகர் கோயிலில் தைப்பூசக் காவடி எடுக்கப்படுகிறது. ஆக, திருவோட்டின் மரம் நிற்கும் நாட்டிலேயே திருவோட்டின் மொழியும் வழங்குகிறது.

ஆவணப்படுத்துதல்

இப்பொருள்களைப் பதிவு செய்வோர் மூன்று செய்திகளைக் கருதுதல் நலம். முதலாவது, இனங்காணல். தேங்காய் ஓடு எனப் பொதுவாகப் பதிந்துவிடுதல் பிழை. தேங்காய் ஓட்டின் ஒரு முனையில் மூன்று கண்கள் இருக்கும். கடல் தேங்காயில் அவை இல்லை, முளை வெளிவரும் வாய் இரு மடல்களுக்கும் இடையே உள்ளது. அளவிலும் தடிப்பிலும் கடல் தேங்காய் பன்மடங்கு பெரிது. திருவோட்டு மரத்தின் காயோடு மெல்லியது, எடை குறைந்தது. இவ்வேறுபாட்டைக் குறித்தாலே ஒரு கலம் கடல் கடந்து வந்ததா, உள்ளூரில் விளைந்ததா என்பது தெளிவாகும்.

இரண்டாவது, காலமும் பெயரும். ஹிஜ்ரி ஆண்டு சந்திரமானத்தது; பெரும்பாலும் இரு கிறித்தவ ஆண்டுகளில் படியும். எடுத்துக்காட்டாக, ஹிஜ்ரி 1280 என்பது 1863 சூன் முதல் 1864 சூன் வரையிலானது. இரண்டையும் சேர்த்தே பதிய வேண்டும். கஷ்கூல், கச்கோல், கிஷ்தி, கப்பரை, திருவோடு, கடல் தேங்காய் ஆகிய பெயர்களுக்கிடையே நூலகப் பட்டியலில் ஒன்றைத் தேடுவோருக்கு மற்றவையும் கிட்டுமாறு இணைப்புக் குறிப்புகள் அமைய வேண்டும்.

மூன்றாவது, மரத்தின் நிலை. இம்மரம் இன்று அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் உள்ளது. பிராலின் தீவின் வல்லே த மாய் பள்ளத்தாக்கு 1983இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. 1978 முதல் சீஷெல்ஸ் அரசு தனிச்சட்டத்தால் காய்களின் விற்பனையை ஒழுங்குபடுத்தி வருகிறது. சான்றும் ஏற்றுமதி உரிமமும் இன்றி ஓட்டை வெளியே கொண்டுசெல்ல இயலாது. ஆயினும் பருப்புக்காகக் காய்கள் திருடப்படுகின்றன. நாட்டு மருந்தாகக் கடல் தேங்காயை வாங்கும் தமிழரும், புதிய திருவோடு வேண்டும் மடங்களும், சேகரிப்பாளரும் இதனை அறிந்திருத்தல் கடமை. பழைய ஓடுகளைப் பேணுதலும், புதியதற்குச் சான்று கேட்டலும் அம்மரத்துக்கு நாம் செய்யும் கைம்மாறு ஆகும்.

நிறைவுரை

இரு தீவுகளில் மட்டும் வளரும் மரம் ஒன்றன் வித்து, மாலைத்தீவில் மன்னனின் உடைமையாகவும், ஐரோப்பாவில் நஞ்சுமுறிக்கும் அரும்பொருளாகவும், ஈரானில் இறைவசனம் தாங்கிய கஷ்கூலாகவும், தமிழகத்தில் திருவோடாகவும் மருந்தாகவும் ஆயிற்று. அதன் புறத்தில் செதுக்கப்பட்ட எழுத்து ஒரு சமயத்துக்குரியது. உள்ளே இருந்த வெறுமை இரப்போர் எல்லார்க்கும் பொதுவானது. கஷ்கூலைப் பாரசீகக் கலையாகவும் திருவோட்டைச் சைவப் பொருளாகவும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும். அதனோடு இரண்டையும் ஒரே மேசையில் வைத்து ஒப்பிடவும் வேண்டும். முதியோர் இல்லங்களிலும் மடங்களிலும் தர்காக்களிலும் பரண்களில் கிடக்கும் ஓடுகள் உடைந்து குப்பையோடு போகுமுன், அவற்றின் அளவையும் தேய்மானத்தையும் எழுத்தையும் அவற்றை ஏந்தியோர் வழங்கிய பெயரையும் பதிந்துவைப்பது, கடல் கடந்து வாழும் தமிழாய்வாளர் உடனே தொடங்கத்தக்க பணியாகும்.